மடைவாய்ப் பதில்கள்: ஆள் பெருகியதா, ஆழ்துளை பெருகியதா?

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் தண்ணீரைச் சுற்றியே. வெயில் காலத்தில் இது வழக்கம்தான். ஆனால் ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஜனத்தொகையும் எங்காவது ஒரு மூலையில் எட்டிப் பார்க்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்களோடு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே பதில்களில் கண்மாய் வாடை தூக்கலாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் அபார்ட்மென்ட்டில் மே மாதம் வந்தாலே லாரித் தண்ணீர்தான். மெயின்டனன்ஸ் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. "ஜனம் இப்படிப் பெருகினால் தண்ணீருக்கு எங்கே போவது?" என்றார் அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு பெரியவர். எல்லோரும் தலையாட்டினோம். அவர் சொன்னது சரிதானே? (இல்லத்தரசி, பள்ளிக்கரணை)

ப: பாதி சரி அம்மா. 1951இல் தமிழ்நாட்டில் 3 கோடிப் பேர். 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடி. மழை அன்றைக்குப் பெய்த அளவில்தான் இன்றைக்கும் பெய்கிறது. ஆக, தலைக்கு வரும் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இதை மறுத்துப் பேச முடியாது.

மறுபாதிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சென்னைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி லிட்டர் குடிநீர் தருகிறார்கள். அந்தக் கணக்கில் மாதத்துக்கு ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் தளும்பி நின்றால் 11 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். சரி, வானத்திலிருந்து எவ்வளவு வருகிறது? மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 21 டி.எம்.சி. நகரம் ஒரு வருடம் குடிப்பதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு, நகரத்தின் தலையிலேயே கொட்டுகிறது! அத்தனையையும் பிடித்து வைக்க முடியாது, ஆவியாவது போகும், கடலுக்கும் கொஞ்சம் போயாக வேண்டும். ஆனாலும் 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்த அதே ஊர், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கியது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். சாதாரண நாளில் தரும் தண்ணீரில் அது அரை சதவீதம்கூட இல்லை. நடுவே போனது நாலு வருடம். நாலு வருடத்தில் ஜனத்தொகை அப்படி என்ன பெருகிவிட்டது?

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவரிடம் நம் கட்டடம் எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 1960களில் உங்கள் ஊர்ச் சதுப்புநிலம் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது என்கிறார்கள். 2022இல் உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது காப்பாற்றக் கிடைத்தது 1,248 ஹெக்டேர். இது பள்ளிக்கரணையின் பாவம் மட்டும் இல்லை. தி.நகரே 1920களில் ஒரு பெரிய ஏரியை வடித்து எழுப்பிய ஊர்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. 'வியூ'வில் பார்க்க லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி மேல் வள்ளுவர் கோட்டம்.

சென்னையில் கூட்டம் கூடியது பிறப்பால் மட்டும் அல்ல, வேலை தேடி வந்தவர்களாலும்தான். வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஊரில் கண்மாய் வற்றித்தான் பலர் ரயில் ஏறினார்கள். அவர்களுக்கு மனை போட்டு விற்ற இடம்தான் தப்பு.

கே: இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றால் ரேஷன் கிடையாது என்று ஒரு சட்டம் போட்டால் என்ன? (பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்)

ப: யாருக்குப் போடப் போகிறீர்கள்? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 1.8. பிறப்பு, இறப்பைக் கணக்கிடும் மாதிரிப் பதிவுக் கணக்கு இன்னும் குறைத்து, 2020க்கு 1.4 என்றது. மக்கள்தொகை இருக்கிற அளவில் நிற்கவே 2.1 வேண்டும். உங்கள் சட்டம் வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே நம் பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

தாண்ட வைத்தது எது என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாண வயது ஏறியது. கிராமத்துக்கு நர்ஸ் வந்தார், பெற்ற பிள்ளை பிழைக்கும் என்று நம்பிக்கை வந்தது. 1956இல் மதிய உணவு, 1982இல் அதன் விரிவாக்கம். பெரியார் மேடையில் கர்ப்பத்தடை பேசியது அதற்கெல்லாம் முன்பு. வற்புறுத்தியும் பார்த்திருக்கிறது இந்த நாடு. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன். அதன் பலனை 1977 தேர்தலில் ஆட்சியே அனுபவித்தது, வட மாநிலங்களில் அந்தத் திட்டத்தின் பேரைச் சொன்னாலே பல வருடம் ஜனங்கள் ஓடினார்கள். சீனா ஒற்றைக் குழந்தைச் சட்டத்தை முப்பத்தைந்து வருடம் பிடித்து வைத்திருந்து, 2021இல் மூன்று பெறலாம் என்று இறங்கி வந்தது. 2022 முதல் அங்கே ஜனத்தொகை குறைகிறது. இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று வைத்திருந்த ஆந்திரம், 2024இல் அதை எடுத்தேவிட்டது.

மூன்றாவது பிள்ளையின் அரிசியை நிறுத்தினால் எந்த ஏரி நிறையும் என்று மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள்.

கே: மால்தஸ் சொன்னது பொய்த்துப் போயிற்று என்கிறார் எங்கள் பேராசிரியர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பொருளியல் மாணவர், திருச்சி)

ப: ஜனம் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்றார் மால்தஸ். சோறு விஷயத்தில் அது பொய்த்தது தம்பி. 1798இல் அவர் எழுதியபோது உலகத்தில் 100 கோடிப் பேர்கூட இல்லை. 2022 நவம்பரில் 800 கோடி ஆனதாக ஐ.நா. சொன்னது. பட்டினி இருக்கிறது, ஆனால் விளைச்சல் போதாத பட்டினி இல்லை.

உங்கள் பாடத்தில் வருமோ வராதோ, ஒன்று சொல்கிறேன். மால்தஸ் பிழைப்புக்குச் செய்த வேலை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் வாத்தியார் வேலை. நம்மை ஆள வந்த அதிகாரிகள் அங்கேதான் தயாரானார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சம் லட்சமாகச் செத்தபோது, துறைமுகத்தில் தானியக் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமே போதும் என்று ஒரு அதிகாரி கூலியைக் குறைத்தார். அதற்கு அவர் பெயரிலேயே 'டெம்பிள் கூலி' என்று பட்டம். அடையாறையும் கோவளத்தையும் சேர்க்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பட்டினி ஜனம் வெட்டியது. ஜனம் அதிகம், உணவு குறைவு, இயற்கை தன் கணக்கை நேர் செய்கிறது என்பது ஆள்பவனுக்கு எத்தனை வசதியான பொருளாதாரம்!

இன்னொன்று. 1980இல் பால் எர்லிக் என்ற உயிரியலாளரும் ஜூலியன் சைமன் என்ற பொருளியலாளரும் ஒரு பந்தயம் கட்டினார்கள். செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஐந்தும் பத்து வருடத்தில் விலை ஏறுமா இறங்குமா என்று. ஜனத்தொகை பெருகுகிறது, விலை ஏறும் என்றார் எர்லிக். தோற்றார். 1990இல் 576 டாலருக்குச் செக் அனுப்பினார். இதை வைத்து, வளம் தீரவே தீராது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. செம்பு விலை ஏறினால் அலுமினியக் கம்பிக்குப் போகலாம். நிலத்தடி நீருக்கு மாற்று என்ன? அதைவிட, அதற்கு விலையே கிடையாது. தீரப்போகிற கடைசி நாள் வரை மோட்டார் இறைத்துக்கொண்டேதான் இருக்கும், எந்தச் சந்தையும் மணி அடிக்காது. பந்தயத்தில் தண்ணீரைச் சேர்த்திருந்தால் செக் எந்தப் பக்கம் போயிருக்குமோ.

கே: எங்கள் கண்மாயில் என் சிறு வயதில், மடையைத் திறந்து மூடி வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் விட நீர்ப்பாய்ச்சி இருந்தார். இப்போது யார் வேண்டுமானாலும் மடையைத் திறக்கிறார்கள், தை பிறப்பதற்குள் கண்மாய் காலி. ஊரில் வீடுகள் முன்பைவிடக் குறைவுதான். பிறகு ஏன் தண்ணீர் போதவில்லை? (விவசாயி, காளையார்கோவில் பக்கம்)

ப: ஐயா, உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்த வாரம் மற்ற பல கடிதங்களை ஒதுக்கினேன்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்து 39,000க்கு மேல் என்பது அரசுக் கணக்கு. ராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று நம் பக்கம் சொல்வார்கள். அவ்வளவு பெரியதிலிருந்து நாலு ஏக்கர் பாயும் சின்னக் கண்மாய் வரைக்கும். 1960களில் ஏரிப் பாசனம் மட்டும் மாநிலத்தில் சுமார் 9 லட்சம் ஹெக்டேர். இப்போது அதில் பாதி தேறினால் அதிகம். கண்மாய் அங்கேயேதான் இருக்கிறது. மடையடியில் நின்ற ஆளைத்தான் காணோம்.

இளம் பொறியாளனாக நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கதிர் பால் பிடிக்கிற சமயம், உள்வாயில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. பொழுது சாய்கையில் நீர்ப்பாய்ச்சி மண்வெட்டியைத் தோளில் போட்டு வருவார். மடைப் பலகையை இறக்கி, இடுக்கில் வைக்கோலைத் திணித்து, மேலே களிமண்ணைக் குழைத்து அப்புவார். சொட்டுச் சத்தம் நிற்கிற வரை காதைக் கொடுத்துக் கேட்பார். விடியற்காலை வயல் வயலாக நடந்து, எது வெடித்திருக்கிறது, எது இன்னும் ஈரம் என்று காலாலேயே பார்த்து வருவார். ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர் வரப்பில் வந்து நின்று, "இன்னொரு நாழி விடுப்பா" என்றார். "ஐயா, உங்க வயல் நேத்தே குடிச்சிருச்சு. இன்னைக்குக் கடைமடை முறை" என்று பலகையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார் இவர். பெரியவர் முணுமுணுத்தபடி திரும்பிப் போனார். தன் வயலுக்குத் தானே மடை வெட்ட ஊரில் ஒருவனுக்கும் உரிமை கிடையாது, எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும். அறுவடைக்குக் களத்தில் நெல் அளக்கும்போது, ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று முதலில் அவருக்கு ஒதுக்கிவிடுவார்கள். ஊர் விளைந்தால் அவருக்கும் நெல், ஊர் காய்ந்தால் அவருக்கும் பட்டினி. அதனால் பொய்க் கணக்குக்கு இடமில்லை.

இதை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். மடையில் அவர் சொல் செல்லும், டீக்கடையில் தனிக் குவளை. அப்பன் செய்ததை மகன் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் வேறு. ஊரே கூடிக் கண்மாயைப் பழுதுபார்ப்பதைக் குடிமராமத்து என்று இன்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கு ஆள் வராததால் 1858இல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். மகன்கள் திருப்பூருக்கும் சவூதிக்கும் போனது நல்லதுதான். நான் அவர்கள் அப்பாவாக இருந்தால் நானே பஸ் ஏற்றிவிட்டிருப்பேன். அந்த வேலையை மரியாதையோடும் சம்பளத்தோடும் வேறு ஆளிடம் ஒப்படைக்க ஊரும் அரசும் மறந்ததுதான் நஷ்டம்.

கூடவே, பணம் உள்ளவர் வயலில் கிணறு வந்தது, அதில் மோட்டார், மோட்டாருக்கு இலவச மின்சாரம். கண்மாய் நிறைந்தால் என்ன, நிறையாவிட்டால் என்ன என்று ஊரில் பாதிப் பேருக்கு ஆகிவிட்டது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டக் கூப்பிட்டால் வருகிறவர், கிணறு இல்லாதவர் மட்டும். அவர் ஒருவரால் என்ன முடியும்?

பொதுச் சொத்து என்றால் ஆளுக்கு ஆள் சுரண்டி நாசமாக்கியே தீருவார்கள், ஒன்று அரசு எடுக்க வேண்டும், இல்லை தனியாருக்கு விற்க வேண்டும் என்று ஒரு வாதம் ரொம்ப நாளாக உண்டு. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார் ஸ்பெயின், நேபாளம், பிலிப்பைன்ஸ் வாய்க்கால்களை ஆராய்ந்து, அப்படியொன்றும் இல்லை, ஊர்களே விதி வைத்து நூற்றாண்டுக் கணக்கில் காத்திருக்கின்றன என்று காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் வாங்கிய முதல் பெண் அவர். அவர் சொன்னதில் முக்கியமானவை: யாருக்குப் பங்கு என்று தெளிவு, காவலுக்கு ஓர் ஆள், விதி மீறியவனுக்குச் சின்னதாகத் தொடங்கி ஏறும் தண்டம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்ததும் நமக்குத் தெரியும்.

2017இல் அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது முதல் தவணையாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள். ஜே.சி.பி. வந்தது, கரை உயர்ந்தது, சில இடத்தில் நன்றாகவே நடந்தது. ஆனால் திட்ட மதிப்பீட்டில் மண்ணுக்கும் சிமென்ட்டுக்கும் தனிப் பத்தி உண்டு, மடைக்கு ஆள் சம்பளம் என்று ஒரு வரி கிடையாது. உங்கள் ஊரில் கண்மாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர் பத்துப் பேர் கூடினால் போதும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, பெண்ணானாலும் சரி, ஒரு ஆளை மாதச் சம்பளத்துக்கு வையுங்கள். மடைச் சாவி அவரிடம் மட்டும். முதல் வருடம் சண்டை வரும். வரட்டும்.

கே: சீமைக்கருவேலத்தை வெட்டினால் கண்மாயில் தண்ணீர் நிற்குமா? (வாசகர், பரமக்குடி)

ப: வெட்டுங்கள், வேரோடு. ஆனால் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் மரமில்லாத வெறுங்கண்மாய்தான் மிஞ்சும். முதலில் தண்ணீர் வரும் வழி.

கே: 1,100 அடி போர் போட்டும் காற்றுதான் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் 1,300க்குப் போகிறார். நானும் போகட்டுமா? தென்னை காய்கிறது. (தோட்டக்காரர், பல்லடம்)

ப: போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? இருந்தாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால்வாசி நிலம் கடும்பாறை. அதில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளில் மட்டும், ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். 1,300 அடியில் உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கிடைத்தால், அது நேற்றைய மழை இல்லை. உங்கள் பாட்டன் காலத்துக்கும் முந்தியது. எடுத்தது திரும்ப ஊறுவதை நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

உங்கள் கோபம் புரிகிறது. நீங்கள் நிறுத்தினால் அவர் உறிஞ்சிக்கொள்வார். 1882ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் யாருடையதோ நீரும் அவருடையது என்கிறது. நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாடு 2003இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்து செய்தது. இந்தியா முழுக்க ஓடும், போர் போடும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பேர்போனது. கையெட்டும் தூரத்தில் வண்டி நிற்கும்போது ஆசையை அடக்குவது கஷ்டம்தான். மாநிலத்தின் பிர்காக்களில், அதாவது வருவாய்க் குறுவட்டங்களில், மூன்றில் ஒரு பங்குக்கு அருகில், ஊறுவதைவிட அதிகமாக எடுக்கிறோம். நாடு முழுக்க எடுக்கிற நிலத்தடி நீரில் சுமார் 87 சதவீதம் பயிருக்கு. குளிக்கிற வாளியில் மிச்சம் பிடிக்கச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்று ஒரு ஊர். மழை நிழல் பகுதி, நம் பல்லடத்தைவிட மோசம். பாசனத்துக்குப் போர் போடக் கூடாது என்று கிராம சபையே தடை போட்டது. மழைமானியைப் பார்த்து, கிணற்று மட்டத்தை அளந்து, இந்த வருடம் என்ன பயிர் வைக்கலாம் என்று சபையில் கணக்குப் போடுகிறார்கள். தண்ணீர் குடிக்கும் கரும்புக்கும் வாழைக்கும் அங்கே இடமில்லை. பிழைப்புக்கு வெளியூர் போனவர்கள் திரும்பி வந்த ஊர் அது. பஞ்சாபில் 2018இல் வேறு வழி பார்த்தார்கள், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் விவசாயிக்கு. மீட்டர் வைத்தால் ஓட்டுப் போகும் என்று பயப்படும் நம் கட்சிகள் இதையாவது பார்க்கலாம்.

உங்கள் தென்னைக்கு இப்போதைக்குச் சொட்டுநீரும் மட்டை மூடாக்கும். ஓலையும் மட்டையும் தோட்டத்திலேயே கிடக்கின்றன. அந்த 1,300 அடிக் காசில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள்.

கே: பிள்ளைகள் குறைகின்றன, எங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டு வகுப்பை ஒன்றாக்கிவிட்டார்கள். அப்படியானால் வருங்காலத்தில் தண்ணீர், நிலம், மரம் எல்லாம் மிஞ்சும்தானே? (ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

ப: டீச்சர், உடனே மிஞ்சாது. முன்பு பிறந்த பெரும் கூட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதே, பிறப்பு குறைந்த பிறகும் மொத்தத் தொகை சில பத்தாண்டு ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதோடு வீடுகள். உங்கள் சிறு வயதில் ஒரு வீட்டில் பத்துப் பேர், ஒரு கிணறு. இப்போது அந்தப் பத்துப் பேருக்கு மூன்று வீடு, ஒவ்வொன்றிலும் மோட்டார், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். மாடிப்படிக்கும் மணல் வேண்டும், காவிரி, கொள்ளிடம் பக்கம் இருக்கும் உங்களுக்கு மணல் லாரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த ஆட்கள் கூடுதலாகச் செலவழிக்கும் காலத்துக்குள் வந்துவிட்டோம். இந்த நிலைக்கு நம்மிடம் கைவசம் திட்டம் எதுவும் இல்லை. அரசியல்வாதிகள் தொகுதி எண்ணிக்கையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள்.

கே: மழைநீர் சேமிப்பு என்று 2003இல் குழி தோண்டினோம். அதற்குப் பிறகு அதைத் திறந்தே பார்க்கவில்லை. இன்னும் வேலை செய்யுமா? (வீட்டுக்காரர், மதுரை)

ப: செய்யாது. அந்த வருடம் சட்டத்துக்குப் பயந்து ஊரே தோண்டியது. ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சுவரோரம் மண்ணில் செருகிவிட்டு வரி ரசீதுக்குக் காட்டிய வீடுகளும் உண்டு. உங்கள் குழியில் இந்நேரம் மணலும் ஜல்லியும் வண்டலோடு இறுகி சிமென்ட் மாதிரி ஆகியிருக்கும். மேல் மணலை ஓரடி வாரிக் கொட்டிவிட்டுப் புது ஆற்று மணலோ, கழுவிய எம்.சாண்டோ போடுங்கள். ஜல்லியை எடுத்து அலசுங்கள். மொட்டை மாடிக் குழாயில் வலை கிழிந்திருக்கும், மாற்றுங்கள். முதல் மழைத் தண்ணீர் தெருவுக்குப் போக ஒரு வால்வு, இரண்டாம் மழையிலிருந்து குழிக்கு. வீட்டில் பழைய உறைகிணறு இருந்தால் குழியே வேண்டாம், வடிகட்டி நேராக அதில் விடலாம். அதைக் குப்பை போட்டு மூடியிருந்தால் தோண்டி எடுங்கள்.

ஆயிரம் சதுர அடி மாடிக்கு, மதுரையின் 850 மில்லிமீட்டர் சுமாரான மழையில் ஏறக்குறைய 80,000 லிட்டர். பெரிய லாரியில் ஆறேழு நடை. ஆவணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் பிளம்பர் போனையே எடுக்க மாட்டார்.